செங்கல்பட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள்

எழுபதுகளில் ஊரப்பாக்கத்தில் வளர்ந்த எங்களுக்குச் செங்கல்பட்டு என்றால் கோர்ட்டு, கொளவாய் ஏரி, அப்புறம் சீர்திருத்தப் பள்ளி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் போதும், "இரு, உன்னைச் செங்கல்பட்டுல கொண்டு போய்ச் சேர்த்துடறேன்" என்பார் அப்பா. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வளர்ந்த பிறகுதான் அந்த இடத்தின் கதையைத் தேடிப் படித்தேன். சின்னத் திருட்டுக்காகச் சிறைக்குப் போகும் பிள்ளைகள் பெரிய திருடர்களாகத்தான் வெளியே வருகிறார்கள் என்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மேரி கார்ப்பென்டர் என்ற பெண்மணி விடாமல் வாதாடினார். 1854-ல் அங்கே, அவர்களைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பச் சட்டம் வந்தது. ஆனாலும் பள்ளிக்குப் போகுமுன் 14 நாளாவது சிறையில் கிடந்தாக வேண்டும் என்றார்கள். அந்த நிபந்தனை முழுசாக ஒழிய 1899 ஆயிற்று. 1866-ல் இந்தியா வந்த அந்த அம்மையார் இங்கும் அதே கோரிக்கையை வைத்தார். 1876-ல் இந்தியச் சட்டம், 1887-ல் செங்கல்பட்டுப் பள்ளி. 1897-ல் திருத்தி எழுதிய சட்டப்படி 15 வயதுக்குட்பட்ட பையனை 3 முதல் 7 வருஷம் வரை வைத்திருக்கலாம். 18 வயதானால் விட்டுவிட வேண்டும். பத்து வயதில் ஒரு செம்பைத் திருடியவன் மீசை அரும்பிய பிறகு வீடு திரும்புவான். தாயின் முகம்கூட அவனுக்கு மறந்திருக்கும்.

1920-ல் இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகளுக்கென்று சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். கோர்ட்டு விதிக்கும் பிரம்படித் தண்டனை 1955-ல் போயிற்று. 2015-ம் வருஷத்துச் சட்டப்படி, சீர்திருத்தப் பள்ளியின் இடத்தில் வந்த சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 வருஷம்தான். சிறார் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்து வழக்கை விசாரிக்கிறார்கள்.

சிறுவனாக இருந்தபோது கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறி, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பக்கத்தில் கைவிலங்கோடு ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். பெட்டி முழுக்க அவனையே வேடிக்கை பார்த்தது. இன்று விலங்கு போடக் கூடாது, போலீஸ்காரர் சீருடையிலும் வரக் கூடாது. சமீபத்தில் அதே தடத்தில் எதிர் சீட்டில் ஒரு பையன். இரண்டு பக்கமும் சாதாரண உடையில் இருவர். ஒருவர் சமோசா வாங்கிக் கொடுத்தார். அவன் தின்னவில்லை. பரனூர் தாண்டி ஏரி தெரிந்தபோதும் பொட்டலம் பிரிக்காமல் மடியிலேயே இருந்தது. பெட்டியில் வேறு யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அந்த மாற்றம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் ரயிலை விட்டு இறங்கிய பிறகு? ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன், 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31-ம் தேதி இறந்துபோனான். அடித்ததில் இறந்தான் என்று இல்லத்துப் பணியாளர்கள் ஆறு பேரைப் போலீஸ் கைது செய்தது. இல்லங்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக 2023-ல் அரசு நியமித்தது. ஏழு வருஷம் வைத்திருக்கச் சொன்ன சட்டம் போய், இத்தனை கருணையான சட்டம் வந்த பிறகு, உள்ளே போன சில நாளிலேயே ஒரு பிள்ளை பிணமாக வந்தது எனக்கு ஆறவே இல்லை.

சிறார் நீதிக் குழுமம் மாதம் ஒரு முறையாவது இல்லத்தை நேரில் பார்வையிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் போதாது. பையன்களை ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்துப் பேச வேண்டும். புதிதாக வந்தவனிடம் முதல் ராத்திரி எப்படிப் போயிற்று என்று கேட்க வேண்டும். அங்கே வேலைக்கு எடுப்பவர்களுக்குச் சிறைக்காவலர் குணம் கூடாது, பிள்ளை வளர்க்கும் பொறுமை வேண்டும். அதற்கான பயிற்சியையும் போதிய ஆட்களையும் அரசு கொடுத்தே தீர வேண்டும். திருடிய பிள்ளையும் நம் பிள்ளைதான்.