ரசீது கேட்காத தீ

கேள்வி: கட்டணம் கட்டாததால் வீட்டை எரியவிட்டார்களாமே, தீயணைப்பு வீரர்களே இதை ஏற்றார்களா?

பதில்: எல்லோரும் ஏற்கவில்லை. 2010 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்தது அது. சவுத் ஃபுல்டன் நகரத் தீயணைப்புத் துறையின் சேவை வேண்டுமானால், நகர எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் அப்போது ஆண்டுக்கு 75 டாலர் கட்ட வேண்டியிருந்தது. கட்டாத ஒருவரின் வீடு பற்றிக்கொண்டது. செலவு எவ்வளவானாலும் தருவதாக அவர் கெஞ்சியும் பலனில்லை. பணம் கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவியபோதுதான் வண்டி வந்தது. அந்த நிலத்தைக் காத்தது, வீட்டைத் தொடவில்லை. உள்ளே இருந்த நாய்களும் பூனையும் கருகின.

நாடே கொதித்தது. எரிந்த பிறகு பணம் வாங்கினால் முன்கூட்டி யார் கட்டுவார், டீசலுக்கும் கருவிகளுக்கும் என்ன வழி என்று வாதாடினார்கள், விதியை ஆதரித்தவர்கள். அந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால் தீ ரசீது பார்த்துப் பரவுவதில்லை. தீயணைப்பாளர்களின் சர்வதேசத் தொழிற்சங்கமே இந்த நடைமுறையை வெளிப்படையாகக் கண்டித்தது. விதியை எழுதியது நகர நிர்வாகம். வசவு வாங்கியது குழாய் பிடித்தவர்கள்.

2011 டிசம்பரில் அதே விதியால் இன்னொரு வீடும் எரிந்தது. முதலில் அணைத்துவிட்டுப் பிறகு வசூலித்திருக்க வேண்டும்.