சிறுமலைக்கு அப்பால் எருசலேம்

1960-களில் திண்டுக்கல்லில் ஞானோபதேசம் படித்த எந்தப் பிள்ளையிடமும் எருசலேம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால், அது சிறுமலைப் பக்கம்தான் கையைக் காட்டியிருக்கும். உலகப் படத்தில் அந்த ஊர் நேரெதிரே, அரபிக் கடலையும் தாண்டி மேற்கே இருந்தது. ஆனால் உலகப் படம் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கியது, சிறுமலையோ காலையில் கதவைத் திறந்தால் எதிரே நின்றது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போனவனைக் கள்ளர்கள் அடித்துப் போட்ட கதையை உபதேசியார் சொன்னால், சிறுமலையிலிருந்து வாழைத்தாரோடு இறங்கி வருகிற பாதையில்தான் நாங்கள் அவனைக் கண்டோம். அவன் குற்றுயிராய்க் கிடந்த இடம் எந்தப் புளியமரத்தடி என்பதில் எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் பெரிய வழக்கே நடந்தது.

அப்போது வேதத்துக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அதில் வருகிற பொருளெல்லாம் எங்கள் ஊரில் புழங்கிக்கொண்டிருந்தது. கமலை இறைக்கிற கிணற்றடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அறுவடை முடிந்த காட்டில் கீதாரிகள் கிடை போட்டு, அந்தியில் ஆட்டை எண்ணி அடைத்தார்கள். களத்துமேட்டில் காற்று வரும்வரை காத்திருந்து முறத்தைத் தலைக்கு மேலே பிடித்துத் தூற்றினார்கள். பதர் எங்கே போகிறது, மணி எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்தவனுக்குத் தீர்ப்பு நாளைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் வேண்டாம். என் மனைவி பிறந்தது சிறுமலை அடிவாரத்து வெள்ளோட்டில். அவளுடைய அப்பா பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். கவாத்து முடிந்து மொட்டையாய் நிற்கிற கொடியையும், சில நாளில் அதில் வெடித்து வருகிற துளிரையும் பார்த்து வளர்ந்தவள் அவள். திராட்சைச் செடியும் கிளைகளும் என்று கோயிலில் வாசிக்கும்போது இன்றைக்கும் அவள் முகம் தனியாக ஒரு மாதிரி மலரும்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் வீரமாமுனிவர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இத்தாலியில் பிறந்து இங்கே வந்த அவர், வளனாரைத் தலைவனாக வைத்து 1726-இல் முடித்த தேம்பாவணியில், யூதேயாவைப் பாட வந்த இடத்தில் நம்முடைய ஆற்றையும் வயலையும் சோலையையும் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டார். கைக்குழந்தையோடு வளனும் மரியும் எகிப்துக்கு நடந்த நடையைத் தமிழ்க் காவியமாக்கினார். அந்த வளனாரின் பெயரால்தான் திண்டுக்கல்லில் எங்கள் கோயில் நின்றது. 2003-இல் மறைமாவட்டம் பிறந்தபோது அது பேராலயமானது. அதற்கு வெகுகாலம் முன்பே, அங்கே பூசை பார்த்த எங்களுக்குப் புனித நாடு என்றால் பச்சைப் பசேலென்ற ஊர்.

யாத்திரை என்றால் அன்றைக்கு வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை மனத்தில் வைத்துக் காவி உடுத்திக் கிளம்பிய கூட்டத்தோடு எங்கள் அம்மாவும் ஒரு நேர்ச்சைக்காக நடந்து போனார்கள். போனார்கள் என்றால் போனார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்து தெருமுனையில் தலை தெரிகிறவரை ஒரு சேதியும் கிடையாது. அந்த நாட்களில் வீட்டில் இருந்தவர்கள் செய்த செபம், யாத்திரை போனவர்கள் செய்ததைவிடக் குறைந்ததில்லை. வந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து, கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, எந்த ஊரில் யார் மோர் கொடுத்தார்கள், எந்தச் சாவடியில் மழை பிடித்தது என்று அம்மா சொன்ன கதை தை மாதம்வரை வந்தது. பிறகு ஒரு கோடையில், 1978-இல் தெலுங்கில் வந்த படத்தின் தமிழ் உருவமான கருணாமூர்த்தியைக் கோயில் திடலில் வெள்ளை வேட்டி கட்டித் திரையிட்டார்கள். சிலுவை சுமக்கிற இடத்தில் ரீல் அறுந்தது. ஆபரேட்டர் அதை ஒட்டுகிறவரை இருட்டில் அந்தத் திடல் முழுக்க அழுதுகொண்டிருந்தது. அப்படி ஓர் இடைவேளை இனி யாருக்கும் வாய்க்காது.

இன்றைக்கு எருசலேமுக்குப் போகத் தமிழக அரசே கை கொடுக்கிறது. 2011-இல் அறிவித்தபோது ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம், பிறகு அது 37,000 ஆனது, கன்னியருக்கு 60,000. கோயில் வாசலில் பூசை நேரப் பலகைக்குப் பக்கத்திலேயே டிராவல்ஸ்காரர்களின் விளம்பரத் தட்டி நிற்கிறது. நானும் என் மனைவியும் ஓர் ஏலச்சீட்டு எடுத்து, பிள்ளைகள் கொடுத்ததையும் சேர்த்துப் போனோம். பெட்டியில் பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், அவளுடைய அம்மா வைத்திருந்த பழைய செபமாலை. முதலில் யோர்தான் நாடு, நெபோ மலை. மோசே கடைசியாக நின்று, தான் நுழையப்போகாத நாட்டைப் பார்த்த இடம். என் மனைவி அங்கே நின்று தன் அப்பா பெயரையும் என் அம்மா பெயரையும் சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் மாதபா ஊர்க் கோயிலின் தரையில் 6-ஆம் நூற்றாண்டுக் கல் பதிப்புப் படம் ஒன்று. அதில் யோர்தான் ஆற்று மீன் ஒன்று, உப்புக் கடல் வரப்போகிறது என்று தெரிந்து திரும்பி எதிர்நீச்சல் போடுகிறது. வகுப்பில் அந்தப் படத்தைத் தொங்கவிட்டிருந்தால் பூகோளத்தை நாங்கள் இன்னும் விரும்பிப் படித்திருப்போம்.

யோர்தான் ஆற்றைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். “ஏங்க, நம்ம குடகனாறு மாதிரியே இருக்கு.” இருந்தது. யோவான் திருமுழுக்குக் கொடுத்த இடத்தில் ஆறு கலங்கலாய், ஒடுங்கலாய், ஒரு கரையில் ஒரு நாடும் மறுகரையில் இன்னொரு நாடுமாக ஓடியது. அக்கரையில் முழுக்கு எடுத்தவர்களின் பாட்டு இக்கரையில் தெளிவாகக் கேட்டது. மேலேயே பெரும்பங்கு நீரை வயலுக்கும் ஊருக்கும் திருப்பிவிடுவதால், கீழே உள்ள சாக்கடலும் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கிக்கொண்டே போகிறது. குடகனாற்றில் நீச்சல் பழகி, பின்னால் அதன் வெறும் மணலையும் தோல் ஷாப்புகளின் கழிவையும் பார்த்த எங்களுக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் குனிந்து அந்தத் தண்ணீரை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டாள். நானும்.

கலிலேயக் கடல் அப்படியில்லை. கடல் என்று பெயர், நல்ல தண்ணீர் ஏரி, ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளம். கரையில் ‘பேதுரு மீன்’ என்று முழுதாய்ப் பொரித்து வைத்தார்கள். அவள் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஜிலேபில்ல!” என்றாள். ஜிலேபி குடும்பத்து மீனேதான்; நம் கண்மாய்களில் வலைக்கு முதலில் சிக்குகிற அதே சாதி. பேதுரு பிடித்த மீனைத்தான் வாரச் சந்தையில் விலை பேசி வாங்கியிருக்கிறோம் என்ற சந்தோஷத்தில், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

கானாவூரில் தம்பதிகள் தங்கள் திருமண வாக்கைப் புதுப்பிக்கிற வழக்கம் உண்டு. எங்கள் கல்யாணம் 1970-களின் கடைசியில், விடியற்காலைப் பூசையில் நடந்தது. கடன் வாங்கிய முக்காட்டுத் துணியும், ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காத கூச்சமும், வெளியே அடுப்பில் சீரகச் சம்பா வேகிற மணமுமாக. கானாவூரில் குழுவோடு வந்த சாமியார் வலது கையைப் பிடிக்கச் சொன்னபோது அதே கூச்சம் அப்படியே திரும்ப வந்தது. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். முடிந்து வெளியே வந்ததும் சொன்னாள்: “அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கே கேக்கலைங்க. இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு.”

பெத்லகேமுக்குப் போக எருசலேம் பக்கத்திலிருந்து உயரமான கான்கிரீட் மதிலையும் சோதனைச் சாவடியையும் கடக்க வேண்டும். வளனும் மரியும் இன்றைக்கு வந்தால் எந்த வரிசையில் நிற்பார்கள் என்று அவள் கேட்டாள். பஸ்ஸில் யாரும் பதில் சொல்லவில்லை. பிறப்புக் கோயிலின் வாசல் நாலடி உயரம். பெரிய படிப்புக்காரரும் வட்டிக்கடைக்காரரும் பேராயரும் குனிந்துதான் நுழைய வேண்டும். 2023 அக்டோபரில் போர் மூண்ட பிறகு அந்த ஊரில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று படித்தபோது, எங்களுக்கு ஒலிவ மரத்தில் செதுக்கிய குடில் விற்ற பையனின் முகம் நினைவுக்கு வந்தது. அவனுக்காக எங்கள் வீட்டில் தினமும் ஒரு மணி செபமாலையில் கூடுதலாக உருள்கிறது.

ஒலிவ மலையில் கர்த்தர் கற்பித்த செபத்தைப் பல மொழிகளில் ஓட்டில் எழுதிப் பதித்த கோயில் ஒன்று இருக்கிறது. தமிழும் இருக்கிறது. எங்கள் குழு அதன் முன்னே நின்று சத்தமாகவே சொல்லிற்று. மலையடிவாரத்துக் கெத்சமனித் தோட்டத்தில் மகள் வீடியோவில் வந்தாள். பிறகு திருக்கல்லறைக் கோயிலிலும் வந்தாள். “அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கல்லறை தெரியல.” அவள் சென்னையில் தோசை ஊற்றிக்கொண்டே கும்பிட்டாள். அது நல்லதுதான், ஆனால் நாங்கள் வீடு திரும்பியபோது, அம்மாவுக்குத் தை மாதம்வரை கேட்டது போலக் கதை கேட்க யாரும் மிச்சமில்லை, எல்லாரும் எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

போனில் அடங்காத ஒன்று இருந்தது, அது என் பங்கு. என் அப்பா பூட்டுப் பட்டறைக்காரர். மாங்காய்ப் பூட்டுக்குப் பித்தளைத் தகடு வெட்டி, லீவர் கோத்து, சாவியைக் கையாலேயே அரம் போட்டு எடுப்பார். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பது அவருக்கு வேதவாக்கு. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் இனிப்புக் கொடுத்தார்கள். அதற்குள் எத்தனையோ பட்டறைகள் அலிகார் பூட்டின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூடியிருந்தன. அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன் நான் திருக்கல்லறைக் கோயில் கதவின் முன்னே சாயங்காலம் நின்றேன். கிரேக்கர், லத்தீன் கத்தோலிக்கர், அர்மீனியர், கோப்தர், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு சபையார் உள்ளே உரிமை வைத்திருக்கிற கோயில். அதன் சாவி ஓர் இஸ்லாமியக் குடும்பத்திடம்; திறந்து மூடுகிற பொறுப்பு இன்னொரு இஸ்லாமியக் குடும்பத்துக்கு. 1187-இல் சலாவுதீன் நகரத்தைப் பிடித்த காலத்து ஏற்பாடு என்கிறார்கள். ஏணி வைத்து ஏறி, மேல் பூட்டையும் கீழ்ப் பூட்டையும் பூட்டிவிட்டு, கதவில் உள்ள சிறு திட்டி வழியாக ஏணியைத் துறவிகளிடம் உள்ளே கொடுத்தார்கள். முழங்கையளவு இரும்புச் சாவி. கல்லறையில் நான் அழவில்லை, அங்கே நெரிசலில் ஒரு நொடிதான் முழந்தாளிட முடிந்தது. அந்தப் பூட்டு விழுந்த சத்தத்தில்தான் அழுதேன். அப்பாவின் பட்டறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரம் போட்ட ராவுத்தரும் ஆசாரியும் யாகப்பன்பட்டி அண்ணனும் என்னோடு அந்த முற்றத்தில் நின்றார்கள் என்று சொன்னால், பட்டறையில் வளர்ந்தவர்கள் நம்புவார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், நாங்கள் அங்கே தேடிப் போன நாடு இங்கே காலியாகியிருந்தது. அங்கிருந்த நாடு இங்கே வந்து குடியேறியிருந்தது. ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் நிழல்வலைக் கூடாரத்தில் நாற்று வளர்க்கிறது. கலிலேயாவில் பஸ் ஜன்னலோரம் பார்த்த அதே கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் வெள்ளோட்டில் மைத்துனர் பந்தலடியிலும் ஓடுகிறது. கொடிக்கு அது நல்லது, தண்ணீர் மிச்சம், மைத்துனர் கையெடுத்துக் கும்பிடுகிறார். கமலையும் களமும் போயே போய்விட்டன. வேதத்தில் வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் பேரப்பிள்ளைக்குப் படம் காட்ட வேண்டியிருக்கிறது.

என் மனைவி இதற்கு ஒரு வழி செய்தாள். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றி, வேடசந்தூர்ப் பக்கம் யாரோ கிடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே கூட்டிப்போனாள். பிள்ளைகள் கொஞ்ச நேரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருத்தி கீதாரியிடம் கேட்டாள்: “தாத்தா, நூறுல ஒரு ஆடு காணாமப் போனா தேடிப் போவீங்களா?”

“போகாம என்ன செய்யிறது? கண்ணு மூட முடியுமா அன்னைக்கு?”

“அப்ப மத்த தொண்ணூத்தொம்பதையும் யார்ட்ட விட்டுட்டுப் போவீங்க?”

இரண்டாயிரம் வருஷமாகப் பிரசங்கிகள் சுற்றிச் சுற்றிப் பதில் சொல்கிற கேள்வி அது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நாய் இருக்குல்ல” என்றார். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் வரைந்து கொண்டுவந்த படங்களில் எல்லாம் நல்லாயனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. என் மனைவி ஒன்றைக்கூட அழிக்கச் சொல்லவில்லை.