‘வந்துட்டேன் சார்’: தேவனஹள்ளி - தங்கவயல் வாடகைக் கார் முன்பதிவில் காலமயக்கம்

இவ்வாய்வின் களம், பெங்களூர் விமான நிலையத்திலிருந்து கோலார் தங்கவயல் வரை நீளும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 2008 மே மாதம் விமான நிலையம் எச்.ஏ.எல். பக்கமிருந்து தேவனஹள்ளிக்குக் குடிபெயர்ந்த நாள்முதல் இத்தட வாடகைக் கார் பற்றிய ஆய்வுக்கு அவசரத் தேவை இருந்தும், எவரும் தொடவில்லை. தங்கவயலை ஆராய வரும் அறிஞர்கள் இதே காரில்தான் வருகிறார்கள். சைனைடு மேட்டின்முன் நின்று படமெடுத்து, கிழவர் ஒருவரிடம் ‘வலி’ பற்றிக் கேட்டு, களப்பணி முடித்து மாலை விமானம் பிடிக்கிறார்கள். காத்திருப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்துவிடுவதால், காத்திருப்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை. முன்னோடி ஆய்வு என்று சொல்லத்தக்கது ஒன்றே (பெரியம்மா, வாய்மொழி).

வாகன வகை இரண்டு: மஞ்சள் போர்டு, ‘நம்ம பையன் வண்டி’.

கட்டணம் என்பது டோல், பார்க்கிங், பேட்டா, ரிட்டர்ன் காலி. இதுபற்றிய உரையாடல்கள் அனைத்தும் உறவு முறிவில் முடிவதால் இங்கே தவிர்க்கப்படுகிறது.

சேருமிடத்தைப் பொறுத்தவரை, கோலார் வேறு, கோலார் தங்கவயல் வேறு. இதை அறியாமல் செயலியில் ‘கோலார்’ என்று தட்டியவர்கள், வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர் முன்னதாகவே இறக்கிவிடப்பட்டிருக்கிறார்கள் (பெரியம்மா, வாய்மொழி, பெரியப்பா குறுக்கிடும் வரை).

இனி மையப் பொருளுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. ஊர்க்கார டிராவல்ஸ் ஒன்றில் முன்பதிவு செய்துவிட்டு, பெட்டியோடு தூணடியில் நின்ற ஆய்வாளர் ஓட்டுநரை நான்கு முறை அழைத்தார். நான்கு முறையும் கிடைத்த பதில், ‘வந்துட்டேன் சார்’.

வினை இறந்தகாலம். வண்டியோ எதிர்காலம். பாமரர் இதைப் பொய் என்பர். பொய் அன்று, இது வழுவமைதி, இலக்கணம் பொறுத்துக்கொள்ளும் பிழை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணத்தால் காலங்கள் ஒன்றுக்கொன்று மயங்கலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. விரைவுக்கு உரைகாரர் காட்டும் ஆள், இன்னும் சாப்பிட்டு எழாதவன். வாசலில் காத்து நிற்கும் கூட்டாளிக்கு, உண்டு முடித்து வந்துவிட்டதாகவே குரல் கொடுக்கிறான். முதல் அழைப்பின் பின்னணியில் தட்டுகள் மோதும் ஓசை தெளிவாகக் கேட்டது. தங்கவயலிலிருந்து விமான நிலையம் வரும் வழியில் இருப்பது ஹொஸ்கோட்டை. விடியுமுன்னே பிரியாணிக்கு வரிசை நிற்கும் ஊர். உரைகாரர் ஹொஸ்கோட்டை வழியாகப் போயிருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒற்றைப் பானை ஓட்டை வைத்து ஒரு பேரரசையே எழுப்பும் நண்பர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

இரண்டாம் அழைப்பு மிகுதி: பத்துக்கு எட்டு முறை வந்துவிடுபவர், இம்முறையும் வந்தவரே. மூன்றாவது தெளிவு. எறும்பு முட்டையைக் கவ்விக்கொண்டு மேடேறினால் மழை பெய்தது எனலாம் என்பது பழைய உதாரணம். ஓட்டுநர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வண்டி ஏறினால் கார் வந்தது எனலாம் என்பது என் எளிய பங்களிப்பு. நான்காவது இயல்பு. அதாவது, அவர் அப்படித்தான் (அக்கா, வாட்ஸ்ஆப் குரல்பதிவு, இரண்டாம் நிமிடம், குக்கர் விசிலுக்குப் பின்).

இங்கே வரலாற்றுச் சான்று ஒன்று கை கொடுக்கிறது. பவணந்தி முனிவரை நன்னூல் எழுதச் சொன்னவன் சீயகங்கன். கங்கர் குலத்தவன். குவளாலபுரத் தலைவன் என்பது அக்குலத்தார் பூண்ட விருது. குவளாலபுரம் இன்றைய கோலார். ஆக, காலமயக்கத்துக்கு உரிமம் வழங்கிய நூலுக்குக் காசு கொடுத்தவன் நம் வழித்தடத்துக்காரன்! அவன் யாருக்காகக் காத்திருந்து நொந்து இலக்கணம் கேட்டான் என்பது தனி ஆய்வுக்குரியது. முனிவரின் ஊரான சனகை எங்கே இருந்தது என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்களே, அவரிடம் லொகேஷன் கேட்டு வைத்தவர் யாருமில்லை.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதென்று மார்தட்டவும் வழியில்லை. அதே ஓட்டுநர் கன்னடக்காரரிடம் ‘பந்தே சார்’ என்பார், தெலுங்குக்காரரிடம் ‘வச்சேசா சார்’ என்பார். மூன்றும் இறந்தகாலம், மூன்றும் ஹொஸ்கோட்டை (பெரியம்மா வீட்டுப் பால்காரர், பெரியம்மா வழி அக்கா, அக்கா வழி ஆய்வாளர், மூலப்படி பால் பொங்கியதில் அழிந்தது).

எதிர்வாதமும் பெரியம்மாவிடமிருந்தே வருகிறது. அவர் எந்த வழுவமைதியையும் ஒப்புக்கொண்டதில்லை. பெரியப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. சங்கு ஊதியது, கூண்டு மேலே வந்தது, பக்கத்து லைன்வீட்டு ஆள் வந்துவிட்டார் என்றெல்லாம் யார் சொன்னாலும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்காமல் பெரியம்மா தட்டெடுத்து வைக்க மாட்டார். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியும் வழக்கம் மாறவில்லை.

கார் வந்தது. புறப்பட்டோம். ஏழு மணிக்குப் பெரியம்மா போன் செய்தார்.

“எங்கப்பா இருக்க?”

“பங்காரப்பேட்டை தாண்டிட்டேன் பெரியம்மா.”

எதிரே ஓட்டுநர் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை.

“சரி, சாப்பிட்டுட்டு வா” என்று வைத்துவிட்டார்.