முள் வைத்தியர்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காரின் சொந்தக்காரர், பென்சன் எடுத்த தலைமை ஆசிரியராயினும் சரி, சந்தை வாசலில் வாடகைக்கு நிற்பவராயினும் சரி, அதை ஓட்டுவதைக் காட்டிலும் அதற்கு வைத்தியம் பார்ப்பதிலேயே ஆனந்தம் காண்கிற ஒரு தனி ரகம். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான அந்த வாகனம் நோயற்று இருந்துவிட்டால் அவருடைய சாயங்காலங்கள் எவ்வளவு சூனியமாகிவிடும் என்று எண்ணவே பரிதாபமாயிருக்கிறது. நல்ல வேளையாக, பெற்றோல் முள் அவரை ஒருபோதும் கைவிடுவதில்லை.

முடக்கில் திரும்பினால் பாதி, கிடங்கில் விழுந்தெழுந்தால் கால், சும்மா நின்றால் நிறைவு என்று நிமிஷத்துக்கொரு அபிப்பிராயம் சொல்லும் அந்த முள்ளைப் பற்றி யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும். சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சாஸ்திரம் ஆரம்பமாகும். மானிக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று முள்ளை வெறுமையின் பக்கமும் மற்றது நிறைவின் பக்கமும் இழுக்க, தாங்கியிலே மிதவையோடு கூட ஏறி இறங்கும் மின்தடைதான் அதை நடுவில் நிறுத்துகிறது. தாங்கியின் எர்த் துருவேறி விட்டுப்போனால் மிதவையின் சேதி மேலே வராது. முள்ளோ நேரே நிறைவுக்குப் போய் நிற்கும். (உள்ளே வற்ற வற்ற வெளியே செழிப்புக் காட்டும் இந்தச் சுபாவம் கார்களுக்கு மட்டும் உரியதன்று.)

பிறகு பரிசோதனை. பேரன் சாவியைத் திருப்பி மானியைப் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் காருக்குப் பின்னால் குனிந்து தாங்கியின் வயரைக் கழற்றுவார்.

"ஏறுதோடா?"

"ஏறுது, அப்பப்பா!"

வயரை உடம்புத் தகட்டில் தொடுவார்.

"இப்ப?"

"விழுந்திட்டுது!"

ஆகவே மானி நிரபராதி, பிழை எர்த்தில். அங்கே மட்டக்கடதாசியால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் காரியம் முடிந்தது. ஆனால், நோய் இன்னதென்று கண்டுபிடித்த பின் சிகிச்சை செய்வது அவருடைய சம்பிரதாயத்தில் இல்லை. பின்மட்காட்டில் கையூன்றிக் காரை ஆட்டி, காதைச் சாய்த்து, "அரைக் கலன் கிடக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் புறப்படுவார். பொருளாதாரத் தடைக் காலத்தில், துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியபோது பழகிய காது அது. முள்ளுக்கு இரண்டும் ஒன்றுதான், அவருக்கு அல்ல.

வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒருநாள், மாமா கோவிலுக்குப் போன சமயம் பார்த்து, அந்த எர்த்தைச் சுத்தமாகத் தேய்த்துப் பூட்டிவிட்டார். திரும்பி வந்த பெரியவர் சாவியைத் திருப்பினார். முள் கால் தாங்கியைக் காட்டியது. இறங்கிப் போய்க் காரை ஆட்டிப் பார்த்தார், கால் தாங்கிதான். மறுபடியும் ஆட்டினார்.

"இது சரியாய்க் காட்டுது," என்றார் முகம் சுண்டி. "உள்ளுக்கை பெரிசாய் என்னவோ பழுது."