இரவல் சைக்கிளில் வருசநாடு

தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்கள் கண் வைத்த கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். நான்காவது வழியாக வரும் காற்றை நம்பித்தான் கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டார்கள். நடுவதற்குமுன் கருவி வைத்து அளந்திருப்பார்கள். ஆடி மாதத்தில் யாரிடமாவது ஒரு சைக்கிளைக் கொடுத்துத் தெற்கே மிதிக்கச் சொல்லியிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

அப்படி மிதித்தவர் ஒரு சென்னைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், வங்கி வேலை. மதுரைக் கல்லூரி விடுதியில் அவரோடு இருந்தவர்கள் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று ஒரே சாலையில் வரிசையாகக் குடியிருக்கிறார்கள். "ஒருநாள் ஊருக்கு வா மாப்ள" என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டார்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து போடிக்கு ரயில் விட்ட பிறகு சாக்குச் சொல்ல வழியில்லை. தேனியில் இறங்கி, பஸ் பிடித்து, கடமலைக்குண்டு வந்து சேர்ந்தார்.

அங்கே காப்பியைக் குடித்த கையோடு, மற்ற இருவரையும் சைக்கிளிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவதாக அறிவித்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் கியர் சைக்கிள் ஓட்டுகிறவர் என்பதால் வந்த தைரியம். மேற்கோளும் கைவசம் இருந்தது: ஒடிசா ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா, 1977-ல் டெல்லியிலிருந்து சைக்கிளில் கிளம்பி ஸ்வீடன் போய்ச் சேர்ந்த கதை.

"அவரு காதலியப் பாக்கப் போனாரு மாப்ள. நீ பாக்கப் போறது நம்ம பயலுகள" என்றார் வீட்டுக்காரர்.

கியர் சைக்கிள் சென்னையில் இருந்தது. இந்த வீட்டில் இருந்தது, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள். 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-க்குப் பின் மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம். முன்னால் கூடை, பார் இல்லாத உடம்பு, செயின் கவரில் பெயிண்டால் எழுதிய பிள்ளையின் பேர். லேடீஸ் சைக்கிளா என்று அவர் ஒரு நொடி தயங்கினார்.

தயங்கியிருக்கத் தேவையில்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனதால் பலர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முப்பது வருடம் கழித்துக் கடமலைக்குண்டில் அந்தக் கணக்கு நேரானது. அவர் சீட்டை நாலு விரல் உயர்த்தி முடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

வருசநாட்டுச் சாலை மூல வைகையை ஒட்டிப் போகிறது. மதுரைக்காரர்கள் பெருமை பேசும் வைகை பிறப்பது இந்த மலைகளில்தான். பிறந்த வீட்டிலேயே பல மாதம் வெறும் மணல். ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் இலவ மரம், எதிரே காற்று. ஆற்றை எதிர்த்துப் போகிற சாலை என்றால் ஏற்றம் என்று அர்த்தம். வரைபடம் அதைச் சொல்லவில்லை, முழங்கால் சொன்னது.

காற்றையாவது சமாளிக்கலாம். இரக்கத்தை என்ன செய்வது? கியர் சைக்கிளில் தலைக்கவசத்தோடு போனால் உடற்பயிற்சி. பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிளில் வேர்த்து விறுவிறுத்துப் போனால் கஷ்ட ஜீவனம். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தீவனக்கட்டோடு வந்த ஒருவர் பக்கத்தில் வந்து, "எங்கிட்டுப் போறீக? பஸ்ஸு போயிருச்சா?" என்று விசாரித்தார். வேண்டாம் வேண்டாம் என்றபோதே கேரியரில் காலை ஊன்றி மயிலாடும்பாறை வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார். அங்கிருந்த நண்பர் சோறு போட்டுத்தான் விட்டார். சாப்பிட்ட பிறகு சைக்கிள் இன்னும் கனத்தது.

வருசநாட்டில் செல்போன் வரைபடம் சுற்றிக்கொண்டே நின்றது. பெட்டிக்கடையில் நண்பரின் பேரைச் சொன்னார். அதே பேரில் ஊருக்குள் நாலு பேர். பட்டப்பேர் தெரியுமா என்று கேட்டார்கள். விடுதியில் வைத்தது ஒன்று தெரியும். தெருவில் நின்று சொல்லக்கூடியது அல்ல. அடுத்த கேள்வி, "அவுக என்ன ஆளுக?" கேட்டுக்கொண்டதே இல்லை என்றார். நட்புக்கு அது அழகு, வழி விசாரிப்பதற்கு உதவாது. இப்படியும் ஒரு சிநேகிதமா என்று கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தோடு பார்த்த கண் செயின் கவரில் நின்றது.

"பொம்பளப்பிள்ள பேரு எழுதியிருக்கு? யாரு சைக்கிளு இது?"

இரண்டு நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சைக்கிளுக்குரியவரின் அப்பா பேரைச் சொல்லி, போன் போட்டு, போனைக் கடைக்காரரிடமே கொடுக்கவேண்டியதாயிற்று. மறுமுனையில் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. கடமலைக்குண்டுக்காரர் வருசநாட்டு நண்பருக்குத் தகவல் சொல்ல, அவர் பைக்கில் வந்து 'திருடனை' மீட்டுக்கொண்டு போனார். வீடு பெட்டிக்கடைக்குப் பின் தெருதான்.

சாயங்காலம் நண்பர் வீட்டில் அவசரப்படுத்தினார்கள். மேலே உள்ள காடு 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். புலி சாலைக்கு வராது. ஆனால் அந்தச் சைக்கிளில் விளக்கு கிடையாது. திரும்பும்போது இறக்கமும் காற்றும் முதுகுப் பக்கம் சேர்ந்துகொண்டதால் பாதி வழி மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. காலையில் செலுத்திய வரியைக் கம்பம் கணவாய் வட்டியோடு திருப்பித் தந்தது என்று வங்கிக்காரர் சொல்லிக்கொண்டார்.

இரவல் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயிலைப் பிடிக்கிற அவசரத்திலும் சீட்டைப் பழைய உயரத்துக்கு இறக்கி, முடுக்கிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். திங்கட்கிழமை பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு.