காது எட்டினால் ஒன்றாம் வகுப்பு

எழுபதுகளில் போடிநாயக்கனூரில் எங்களை யாரும் ஒருங்கிணைக்கவில்லை. பணக்காரப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்க ஒரு திட்டம் உலகத்தில் இருப்பதே தெரியாமல் நாங்களாகவே கலந்து கிடந்தோம். பள்ளிக்கூடத்தில் சேர ஒரே ஒரு தகுதிதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஒன்றாம் வகுப்பு, எட்டாவிட்டால் அடுத்த வருடம். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டுக்கும் பள்ளிக்கும் எத்தனை மீட்டர் என்று காட்டும் வரைபடம் எதுவும் யாரும் கேட்கவில்லை. பிறந்த தேதியைக்கூட வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளாகப் போட்டுக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இன்றைக்கும் அரசாங்கக் கணக்கில் ஜூன் மாதத்துப் பிள்ளைகள்.

ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர் மகன், அதே கடையில் காய் பொறுக்கிக் கூலி வாங்கியவளின் மகனான நான், தையல்காரர் மகன், மலையாளத்து டீக்கடைக்காரர் மகள் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு வரிசை, ஒரே பிரம்பு. பெரிய மனிதர்கள் சமத்துவத்தில் நம்பிக்கை வைத்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொடைக்கானல் கான்வென்ட்டில் சேர்க்கிற அளவுக்கு ஏலக்காய் விலை அப்போது ஏறியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மதிய மணி அடித்ததும் கலப்பு கொஞ்சம் கலையும். கடைக்காரர் மகனுக்கு வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரும். எங்களுக்குக் காமராஜர் 1956-இல் தொடங்கிவைத்த மதிய உணவு. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை ரவைச் சோறு. எங்களுக்குச் சலித்துப்போன அந்தச் சோற்றின் மேல் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. வேப்பமரத்துக்குப் பின்னால் தட்டு மாறும். அவன் வீட்டு முட்டைப் பொரியலை நான் தின்பேன், அவன் என் தட்டைக் காலி செய்துவிட்டு, “வீட்ல சொல்லிறாதடா” என்பான். பள்ளிக்கூடத்துச் சோறு தமிழ்நாட்டில் எப்போதுமே சின்ன விஷயமாக இருந்ததில்லை. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம், 1920-களில் வரதராஜுலு நாயுடுவையும் பெரியாரையும் கொதிக்க வைத்துக் காங்கிரசையே ஆட்டியது. எங்கள் வேப்பமரத்துச் சமபந்தி எந்த மாநாட்டிலும் பேசப்படவில்லை. பேசப்பட்டிருந்தால் அவன் முதுகுத் தோல் உரிந்திருக்கும்.

இப்படி வளர்ந்த ஊரில் 1989 செப்டம்பரில் சாதிக் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. பத்து வருடம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தவர்கள் அப்போது என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். கடைக்காரர் மகன் ஓடிவந்து எங்களைக் காப்பாற்றினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. எங்கள் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது, அவன் வீட்டுக் கதவும் அப்படியே. கல் எறிந்தவர்களிலும் எறிபட்டவர்களிலும் ஒரே வகுப்பில் ஏ, பி, சி, டி படித்தவர்கள் இருந்தார்கள். பெஞ்சு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று கட்டுரை எழுதுகிறவர்களை அந்தச் செப்டம்பரில் எங்கள் தெருவில் ஒரு ராத்திரி தங்கவைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பெஞ்சும் காலியானது. கலவரம் மட்டும் காரணமில்லை. இங்கிலீஷ் மீடியம் வந்தது, டை வந்தது, மஞ்சள் வேன் வந்தது. கையில் நாலு காசு புரண்டவர்கள் எல்லாம் மெட்ரிகுலேஷனுக்கு ஏறினார்கள். நானும் என் மகனை ஏற்றினேன். ஏற்றாமல் என்ன செய்ய? நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது கூலி வேலைக்கு மலைக்கு ஜீப் ஏறுகிறவர்களின் பிள்ளைகள். 2011-இல் சமச்சீர்க் கல்விக்காக உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பாடப்புத்தகத்தை ஒன்றாக்கினார்கள். புத்தகம் ஒன்றாயிற்று, பெஞ்சு ஆகவில்லை. ஏற்கெனவே தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஒரு பக்கம். படிக்காதவர்களைப் படிக்க வைக்க நல்லெண்ணத்தில் தொடங்கியவைதான். ஆனாலும் பெயர்ப்பலகையைப் படித்தாலே யார் பிள்ளை என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சாதிப் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் எழுதிக்கொடுத்தது. இரண்டுக்கும் எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பதில் மட்டும் நாங்கள் அழகாகக் கலந்துவிடுவோம்.

இனி சட்டப்படி கலக்கும் காலம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு, கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். 2012-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது, 2014-இல் மத, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்றது. பாட்டனார் பேசிய தெலுங்கும் கன்னடமும் பல கல்வி வள்ளல்களுக்கு அதற்குப் பின் ஞாபகம் வந்தது தற்செயலாகத்தான் இருக்கும். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்டைத் தாண்டிவிட்டால் இந்தச் சட்டத்துக்கு மூச்சு வாங்கும். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடிப் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டரில் காடுதான் இருக்கிறது, அதில் கால்வாசி கொடுத்து என்ன பயன்?

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு 2013-இல் இடம் கிடைத்தது. அப்பா இல்லை; அம்மா விடியுமுன் ஜீப் ஏறிப் பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போகிறவள். எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்று தெருவே போய் வழியனுப்பிவைத்தது. கட்டணம் இலவசம்தான். நோட்டு, சீருடை, வேன், ஆண்டு விழா டான்ஸ் உடுப்பு எல்லாம் கட்டணத்தில் சேராது என்பது ஜூலையில் தெரிந்தது. பெற்றோர் கூட்டம் எப்போதும் வேலை நாளில். போனால் அன்றைய கூலி போச்சு, போகாவிட்டால் ‘அக்கறையில்லாத பேரண்ட்’. கொரோனா வந்தபோது பிள்ளை ஆறாம் வகுப்பு. பாடம் போனில் நடந்தது, போன் அம்மாவோடு மலையில் இருந்தது.

ஆனாலும் பிள்ளை படித்தாள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் சட்டம் முடிந்தது. பதினாலு வயதுக்குப் பிறகு கலப்பு தேவையில்லை போலிருக்கிறது. கட்ட முடிந்தால் கட்டு, இல்லையென்றால் டி.சி. வாங்கு. ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தாள். இங்கேதான் வேடிக்கை. மருத்துவக் கல்லூரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இந்தச் சட்டத்தின் கீழ் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்குத் திரும்பியவர்களுக்கும் இரண்டும் கிடைக்கும். கடன்பட்டுக் காசு கட்டி அங்கேயே இருந்திருந்தால் இரண்டும் இல்லை. கலந்ததற்கு ஒரு சலுகை, கலைந்து வந்ததற்கு இரண்டு. அவள் அம்மா இதைக் கேட்டுவிட்டு, “அப்ப எதுக்குண்ணே அங்கிட்டுச் சேத்தோம்?” என்றாள்.

நியாயமான கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1966-இல் ‘மெட்கோ’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நகரத்துக் கறுப்பினப் பெற்றோர் விரும்பி எழுதிக்கொடுக்க, வெள்ளைக்காரப் புறநகர்ப் பள்ளிகள் ஏழு ஊர்களில் சம்மதிக்க, முதல் வருடம் 220 பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். இன்றும் ஏறுகிறார்கள். வந்தவர்களால் எங்கள் பிள்ளைகளின் மார்க் கெட்டுப்போகுமே என்ற பயத்தைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஜோஷுவா ஆங்ரிஸ்டும் கெவின் லாங்கும் கணக்குப் போட்டுப் பார்த்து, அப்படியொன்றும் ஆகவில்லை என்று 2004-இல் எழுதினார்கள். ஆங்ரிஸ்டுக்குப் பின்னாளில் நோபல் பரிசே கிடைத்தது. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. சூசன் ஈட்டன் என்பவர், அப்படிப் பஸ் ஏறிப் படித்து வளர்ந்த 65 பேரைத் தேடிப்பிடித்துப் பேசி 2001-இல் புத்தகமாக்கினார். விடியலில் எழுந்தது, இரண்டு ஊரிலும் ஒட்டாமல் நின்றது, வெள்ளைப் பிள்ளைகளின் குத்தல் எல்லாவற்றையும் சொன்னார்கள். மறுபடி போவீர்களா என்றால், பெரும்பாலோர் போவோம் என்றார்கள். வெள்ளைக்காரர் நிறைந்த அறைக்குள் பயமில்லாமல் நுழையப் பழகிவிட்டோம் என்பதுதான் அவர்கள் சொன்ன லாபம்.

மறுபக்கத்துக் கணக்கை டெல்லியில் பார்த்தார் பொருளாதார ஆய்வாளர் கௌதம் ராவ். அங்கே 2007 முதல் பெரிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பரிசை 50, 200, 500 ரூபாய் என்று வைத்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள், நன்றாக ஓடுகிற ஏழைப் பிள்ளையை ஒதுக்குவது குறைந்திருந்தது. தாராள குணமும் கூடியிருந்தது. இங்கிலீஷில் மட்டும் சற்றே சறுக்கல். ஆக, சட்டத்தால் அதிகம் திருந்தியது யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்கள் இல்லை என்றும் சொல்லலாம்.

என் பெஞ்சுக்காரனை வைத்துப் பார்த்தால் இரண்டும் உண்மை, அதோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. கமிஷன் கடை இப்போது அவனுடையது. ஏலம் எல்லாம் நறுமணப் பொருள் வாரியத்தின் கம்ப்யூட்டரில் நடக்கிறது. நான் போனால் ஆட்கள் முன்னால் “வாங்க” என்பான், ஆள் நகர்ந்ததும் “சொல்றா” என்பான். நான் கேட்காமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவேன். என் அம்மா அந்தக் கடை வாசலில் கடைசி வரைக்கும் நின்றுகொண்டேதான் பேசினாள். எனக்குப் பெஞ்சு தந்தது அந்த நாற்காலி. அவனுக்குத் தந்தது வேறு. எங்கள் தெருவில் யார் வாக்குத் தவறாதவர், யார் குடிகாரர், எந்த வீட்டில் எப்போது கல்யாணம் வரும் என்று வகுப்பிலேயே படித்துவிட்டான். அதனால் இந்த ஊரில் கொடுத்த கடன் வராமல் போகாத ஒரே வட்டிக்காரன் அவன்தான். வட்டி மட்டும் மற்றவர்களைவிடக் கால் பைசா குறைவு. கோதுமைச் சோற்றுக்குக் கழிவு என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் அவனிடம் ஒரு யோசனை சொன்னேன். பாஸ்டனிலும் சரி, போடியிலும் சரி, பஸ் ஏறுகிறது எப்போதும் இல்லாதவன் பிள்ளையாகவே இருக்கிறது. ஒருதடவை திருப்பிப் போட்டால் என்ன? மெட்ரிக் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் 25 சதவீதம் பேரைக் குலுக்கல் போட்டு நகராட்சிப் பள்ளிக்கு அனுப்பலாம். நான் புதிதாகச் சொல்லவில்லை. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-இல் உத்தரவே போட்டது. உத்தரவு போட்டதோடு சரி.

அவன் தராசுத் தட்டைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கோபம் வரவில்லை.

“குலுக்கல்ல எம் பேரன் பேரு விழுந்துச்சுன்னு வையி, அந்த வருசமே அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டிருவேன்டா.”

“விழாட்டி?”

“விழாட்டி என்னத்துக்குக் கட்டுறேன்?” என்று சொல்லிவிட்டுப் பையனிடம் இரண்டு டீ சொன்னான்.