கடுகின் மத்தியஸ்தம்

பச்சைக் காய்கறிகளை நறுக்கி, எண்ணெயும் காடியும் கலந்த திரவமொன்றை அவற்றின்மேல் தெளித்து உண்பதே தேகாரோக்கியத்துக்குப் பரம உபாயம் என்று வைத்தியர்கள் விதிக்கத் தொடங்கிய பின்னர், சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் 'வினிகிரெட்' என்னும் பிரெஞ்சுப் பதார்த்தத்தை அறியாத இல்லங்கள் குறைந்துவிட்டன. எங்கள் இல்லத்தில் அதைத் தயாரிக்கும் உத்தியோகம், ஓய்வுபெற்றவன் என்ற ஒரே யோக்கியதையால், எனக்கு வாய்த்தது.

அதன் இலக்கணம் சுருக்கமானது: எண்ணெய் 3 பங்கு, காடி 1 பங்கு, உப்பு, மிளகுத்தூள், அரைத்த பச்சைக் கடுகு கொஞ்சம். எண்ணெயும் காடியும் ஜன்ம விரோதிகளாதலால் எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் சற்றைக்கெல்லாம் பாகம் பிரித்துக்கொண்டு மேலும் கீழுமாகக் குடியிருக்கும். கடுகுத் தோலிலுள்ள வழவழப்பான பசை இடையிலே நின்று மத்தியஸ்தம் பேசினால்தான் அவை சிறிது நேரமாவது ஒரே வீட்டில் வசிக்கும்.

பெங்களூரிலிருக்கும் என் மகள் அனுப்பிய ஆலிவ் எண்ணெய் தீர்ந்ததும், அதன் விலையை விசாரித்தறிந்த நான் சுதேசியானேன். கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கு ஈடான எண்ணெய் இல்லை என்பது என் மாமியாரின் சித்தாந்தம். அதை நானும் மறுப்பதற்கில்லை. ஆனால் அதை ஊற்றிய வெள்ளரிக்காயை முகர்ந்தவர்களெல்லாம் இட்லி எப்பொழுது வரும் என்று கேட்டார்கள். கடலை எண்ணெய் அவ்வளவு சுயப்பிரதாபம் பேசாது, அதுவே நிலைத்தது. கடையில் கிடைக்கும் மலிவான காடியோ பெரும்பாலும் அசெட்டிக் அமிலத்தில் நீர் விளாவியதேயாகையால், அதனிடத்தை எலுமிச்சை பிடித்துக்கொண்டது.

கடுகு விஷயத்தில்தான் விவாதம் மூண்டது. மாப்பிள்ளையோடு நேரில் பேசுவது மரியாதையன்று என்னும் சம்பிரதாயத்தை இன்றளவும் அனுஷ்டிக்கும் என் மாமியார், என் மனைவியைப் பார்த்து, "ஏம்புள்ள, மாப்பிள்ளை கடுகைத் தாளிக்க மறந்துட்டாரா?" என்றார். கடுகை நசுக்கி நீர் பட வைத்தால் அதிலுள்ள நொதி வேலை செய்து காரத்தை உண்டாக்கும் என்றும், காய்ந்த எண்ணெயில் பொரித்தால் அந்த நொதி மாண்டு, மணம் மிஞ்சிக் காரம் போய்விடும் என்றும், நானும் மனைவியின் மூலமாகவே பிரசங்கம் செய்தேன். அதைப் பொறுமையுடன் கேட்டு முடித்தவர், வாழ்நாள் வழக்கத்தைக் கைவிட்டு நேராக என்னையே நோக்கினார்.

"பச்சைக் கடுகுப் பொடி, எண்ணெய், புளிப்பு, உப்பு. இது மாங்காய் போடாத ஆவக்காய்தானுங்களே, மாப்பிள்ளை?"

பிரெஞ்சு தேசத்தின் பாகசாஸ்திரம் முழுவதற்கும் பிரதிநிதியாக நின்ற எனக்கு உத்தரம் ஒன்றும் தோன்றவில்லை. அவரோ தெருமுனை வண்டியிலிருந்து தட்டுவடை செட் வரவழைத்து, இரண்டு தட்டைகளுக்கு நடுவே துருவிய காரட், பீட்ரூட், வெங்காயத்துடன் சிவப்பும் பச்சையுமாய்ச் சட்னிகள் நிறைந்திருந்த அதன்மேல், என் வினிகிரெட்டில் ஒரு கரண்டி விட்டு உண்டுபார்த்து, "பரவாயில்லைங்க" என்று சான்று வழங்கினார்.

அன்று முதல் மாலைதோறும் அதுவே பழக்கமாயிற்று. பச்சைக் காய்கறி தவறாமல் உண்கிறேனா என்று மகள் தொலைபேசியில் விசாரிக்கும்போது, காரட், பீட்ரூட், வெங்காயம் என்று சத்தியமாகவே ஒப்பிக்கிறேன். மேலும் கீழுமுள்ள தட்டைகளைப் பற்றி அவள் கேட்பதில்லை.